கழுத்துப்பட்டை

சட்டையின் கழுத்துப்பட்டையை வெட்டி எடுத்துவிட்டால் அது சட்டை அல்ல, துணி. ஆயா, என் தந்தையின் தாய், இதைத் தன் விதியாக வைத்திருந்தாள். தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான எங்கள் லைன்களில் ஓர் ஆண் இறந்தால், உடல் வீடு வந்து சேர்வதற்கு முன்பே அவள் அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். அழுகிறவர்களோடு சேர்ந்து அழமாட்டாள். உள்ளே நுழைந்ததும் அவள் கண் கொடியைத் தேடும். அங்கே தொங்கும் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இறந்தவனின் மனைவிக்கு எதிரில் உட்காருவாள்.

"வெட்டிக்கவா, கண்ணு?"

மூன்று முறை கேட்பாள். மூன்று முறையும் அந்தப் பெண் தலையசைத்த பிறகே கத்தரிக்கோல் வெளியே வரும். முதல் வெட்டு கழுத்துப்பட்டையில். பிறகு சட்டையும் இருக்கிற வேட்டிகளும் மூட்டையாக அவளோடு எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு மாதத்துக்குள் அவை ஒட்டுத்துணிப் போர்வையாகி அதே வீட்டுக்குத் திரும்பும். எங்களைச் சுற்றியிருந்த தெலுங்குக்காரர்கள் அந்தப் போர்வையைப் பொந்த என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகியிருந்தோம். வெட்டிய கழுத்துப்பட்டையை ஆயா வீசுவதில்லை. போர்வையின் ஒரு மூலையில் அதை வைத்துத் தைப்பாள். இருட்டில் கை வைத்துத் தடவினால் அதுதான் தலைமாடு என்று பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். கால்பட்ட பக்கம் முகத்துக்கு வரக்கூடாது.

இந்த வழக்கம் அவளுக்கு எப்படி வந்தது என்பதை அவளே ஒருமுறை, ஊசியில் நூல் கோத்தபடி, வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள். பாலாற்றங்கரையிலிருந்து தாத்தாவோடு அவள் இங்கு வந்தபோது, சுரங்கங்களைச் சுற்றி மூங்கில் தட்டி வீடுகள்கூட முழுவதும் எழும்பியிருக்கவில்லை. வந்த மூன்றாம் ஆண்டு தாத்தா பூமிக்கடியில் இறந்தார். அவருடைய ஒரே நல்ல சட்டையைச் சொந்தக்காரர் ஒருவர் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். சில வாரங்கள் கழித்து, கடைவீதியில் அந்தச் சட்டை தனக்கு முன்னால் நடந்து போவதை ஆயா பார்த்தாள். கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். திரும்பிய முகம் யாருடையதோ.

"நான் கூப்ட்டது அந்தாளுக்குக் கேட்டுது. அதுக்கோசரம் திரும்பனான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல," என்றாள்.

அதன்பின் எவள் கணவனுடைய சட்டையும் அவளுக்கு முன்னால் நடந்து போகக்கூடாது என்று அவள் முடிவு செய்திருக்கவேண்டும். யாரும் அவளை அழைத்ததில்லை; எந்தச் சபையும் அவளை நியமித்ததில்லை. பிரசவ வீடுகளுக்கும், பேதி கண்ட வீடுகளுக்கும் அவள் கஞ்சிப் பானையோடு போனது அப்படித்தான். ஆனால் லைன்களில் அவளைக் குறித்துப் பேசும்போது கஞ்சியைச் சொல்லமாட்டார்கள். 'பொந்த தைக்கிற பெரிம்மா' என்பார்கள்.

நான் பிறந்த சில நாட்களில் என் தாய் இறந்தாள். தந்தை வேலூர்ப் பக்கத்தில் மிஷன் பள்ளி ஆசிரியர். ஆண்டுக்கு இருமுறை வருவார். ஆகவே நான் ஆயாவிடமும் சித்தப்பாவிடமும் வளர்ந்தேன். ஆயா தைக்கும்போது என் வேலை, சுரங்கத்திலிருந்து மிஞ்சி வரும் மெழுகுவத்தித் துண்டின்மேல் நூலை இழுத்துக் கொடுப்பது. மெழுகு ஏறிய நூல் முறுக்கு விடாது. என் இன்னொரு வேலை, படிப்பது. லைனில் எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை நான். கடிதம் வந்தாலும், சுவரில் நோட்டீஸ் ஒட்டினாலும், பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். நான் எழுதியிருப்பதை மட்டும் படிப்பேன். ஒரு சொல் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். "இவ வாயில பொய்யே வராது," என்று ஆயா மற்றவர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

சித்தப்பா பாறையில் துளைபோடும் வேலையில் இருந்தார். இருபத்திரண்டு வயது. வேதக்கோயிலில் பாடுவார். லைனில் யார் இறந்தாலும் ஆயா சட்டைக்குப் போனால் சித்தப்பா குழி வெட்டப் போவார். அந்த மண் கல்லாக இருக்கும். அவர் கைக்குத்தான் இறங்கும் என்பார்கள். ஆயாவைக் கேலி செய்யத் துணிந்தவரும் அவர் ஒருவர்தான்.

"யம்மா கத்திரிய எடுத்துகினு கெளம்பனா, லைன்ல ஆம்பளைங்க எல்லாம் சட்டைய ஒளிச்சி வெக்கறாங்கோ."

"உன் சட்டைய எவன்டா கேட்டான்? தொவைக்காம கீது. அத்த வெட்டனா கத்திரி மொக்கையாப் பூடும்."

இருவருக்கும் ஒரே ஒரு காரியத்தில் உண்மையான சண்டை உண்டு. அதைச் சொல்ல, டிக்கெட் முறையைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை உண்டு. அதற்கு டிக்கெட் என்று பெயர். கீழே இறங்குமுன் அதை டைம் ஆபீசில் கொடுக்கவேண்டும். அங்கே பலகையில் ஆணியில் மாட்டுவார்கள். மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பலகையில் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று பொருள். டைம் ஆபீசுக்கு எண் தெரியும், முகம் தெரியாது. ஆகவே ஒருவனால் ஷிப்டுக்குப் போக முடியாவிட்டால், வேலையும் வீடும் போய்விடாமலிருக்க, நண்பன் ஒருவன் அவன் டிக்கெட்டைக் கொடுத்து இறங்குவது வழக்கம். பதிலிக்குப் போவது என்பார்கள். சித்தப்பா யார் கேட்டாலும் போவார். ஆயா எதையும் மறுக்காதவள். இதை மட்டும் பொறுக்கமாட்டாள்.

"அடுத்தவன் நம்பர்ல எறங்கிச் செத்தா, நான் எந்த வூட்டுக்குடா போவறது?"

"நேரா நம்ம வூட்டுக்கு வா," என்று சித்தப்பா சிரிப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரத்தில், ஒரு காலை நான் தண்ணீர் வண்டியருகே குடத்தோடு நின்றேன். பனி விலகியிருக்கவில்லை. அன்று ஷிப்டு இல்லாத சித்தப்பா கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவதாக ஆயாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். வண்டிக்குப் பின்னால் அவரும் பக்கத்து வீட்டு மாமாவும் நின்றார்கள். எங்களுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அவர்கள் உப்புக் கேட்பதும் சண்டை போடுவதும் எங்களுக்குக் கேட்கும். மாமாவின் தாய் மருமகளோடு ஒத்துப்போகாமல் பேத்தமங்களாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அவள் நோயில் படுத்திருப்பதாகச் செய்தி வந்திருந்தது. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அவர் போகக்கூடாது என்று சொன்னதையும் நாங்கள் கேட்டிருந்தோம்.

"ஒரு ஷிப்டுதான். கெழவியப் பாத்துட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வந்துர்றேன்," என்றார் மாமா. கையில் அத்தை கட்டிக் கொடுத்த சோற்றுத் தூக்கு இருந்தது.

"அக்காவுக்குத் தெரிஞ்சா?" என்று அத்தையைக் குறித்துக் கேட்டார் சித்தப்பா.

"தெரிஞ்சா நானே ஷாப்டுல குதிச்சிக்கறது மேலு."

சித்தப்பா சிரித்துக்கொண்டே பித்தளை வில்லையை வாங்கி இடுப்பில் செருகினார். அப்போதுதான் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ இன்னா பாத்த?" என்றார் சித்தப்பா.

"டிக்கெட்டு."

"நீ ஒண்ணும் பாக்கல. ஆயாகிட்ட சொல்லாத. சொல்ல மாட்ட இல்ல?"

நான் சொல்லமாட்டேன் என்றேன். அவர் என் குடத்தைத் தூக்கி வீட்டுப் பாதிவழி வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

உச்சிவேளைக்குச் சற்று முன், ஊத வேண்டாத நேரத்தில் சங்கு ஊதியது. அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு அதன் பொருளை யாரும் கற்றுத்தரவேண்டியதில்லை. பெண்கள் அடுப்பை அப்படியே விட்டு ஓடினார்கள். சுரங்க வாயான ஷாப்டின் முன்னால் கயிறு கட்டி, யாரையும் நெருங்கவிடாமல் நிறுத்தியிருந்தார்கள். கீழே ஒரு லெவலில் பாறை சரிந்துவிட்டது என்றும், மற்றவர்களைக் கேஜில், அந்த இரும்புக்கூண்டில், மேலே ஏற்றிவிட்டார்கள் என்றும், சிலர் மட்டும் அகப்பட்டுக்கொண்டார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். மேலே வந்தவர்கள் தம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார்கள். ஒவ்வொருவரையும் ஒரு பெண் பற்றிக்கொண்டாள். டைம் ஆபீஸ் எழுத்தர் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டார். பலகையில் மூன்று டிக்கெட்டுகள் மீதி இருந்தன.

"பாப்பாவத் தூக்குங்க. அது படிக்கும்," என்றாள் ஒருத்தி.

யாரோ என்னை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கினார்கள். முதல் இரண்டு எண்களைப் படித்தேன். அவை எங்கள் லைனைச் சேர்ந்தவை அல்ல. கூட்டத்தின் மறுபுறத்தில் தெலுங்கில் ஓர் ஓலம் எழுந்தது. மூன்றாவதைப் படித்தேன்.

"நானூத்திப் பதினேழு."

அத்தைக்குப் படிக்கத் தெரியாது; அந்த எண் மட்டும் தெரியும். "இன்னொரு வாட்டி படி, கண்ணு," என்றாள் மிக மெதுவாக.

இன்னொரு முறையும் அதையே படித்தேன். பலகையில் இருந்தது அதுதான்.

நான் அப்போது அறிந்திருந்தேனா என்ற கேள்வியைப் பல ஆண்டுகளாக எனக்கு நானே கேட்டு வந்திருக்கிறேன். அறிந்திருந்தேன். காலையில் நான் பார்த்த அந்த வில்லை யார் இடுப்பில் டைம் ஆபீசுக்குப் போனது என்பதை எண்ணின் முதல் இலக்கத்தைக் காணும்போதே அறிந்தேன். ஆனால் எல்லோரும் அத்தையின் பக்கம் திரும்பினார்கள். ஆயா அவளைத் தாங்கிப் பிடித்தாள். அத்தனை பெரியவர்களும் மாமாதான் என்று நம்பிய அந்த நேரத்தில், மாமாவாகவே இருந்துவிடட்டும் என்று நான் எண்ணினேன். நான் வாயைத் திறந்தால்தான் அது சித்தப்பாவாகும். திறக்காதவரை அவர் கோயில் சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பார்.

பிற்பகல் முழுவதும் நாங்கள் மாமாவின் வீட்டில் இருந்தோம். கோயிலுக்குப் போடும் அவருடைய வெள்ளைச் சட்டை கொடியில் தொங்கியது. ஆயா அதை எடுத்து மடியில் வைத்தாள்.

"வெட்டிக்கவா, கண்ணு?"

அத்தை தலையசைத்தாள். இரண்டாம் முறையும் அசைத்தாள். மூன்றாம் முறை, "அம்மாவப் பாக்கப் போவணும்னு ஒரு வாரமா கேட்டாரு பெரிம்மா. நான்தான் உடல," என்று சொல்லிவிட்டுத் தலையசைத்தாள். கத்தரிக்கோல் கழுத்துப்பட்டையைச் சுற்றி நடந்தது. கீழே விழுந்த பட்டை தன் வளைவை விடாமல் தரையில் கிடந்தது.

ஆயா மூட்டை கட்டிக்கொண்டே சொன்னாள்: "சாயந்தரம் நம்ம சின்னவன் வரட்டும். குழி வெட்ட அவனத்தான் அனுப்பணும். சுண்ணாம்பு வேலன்னா சோறு தண்ணி மறந்துடுவான்." பிறகு என்னிடம், "ஓடிப் போய்க் கூட்டினு வரியா?" என்றாள்.

நான் போகிறேன் என்று எழுந்து, கோயில்வரை போய், வெள்ளையடிக்காத சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். "இல்ல ஆயா," என்றேன். அதுவும் பொய் இல்லை.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில், பேத்தமங்களாப் பாதையில் மாமா நடந்து வந்தார். நாணலில் கோத்த நான்கு ஏரிமீன்கள் ஒரு கையில், காலித் தூக்கு மறு கையில். தம் வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்டு வேகமாக வந்தார்.

"இன்னா? யாருக்கு இன்னா?"

ஒரு கிழவி அவரைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை எழுந்து வந்தாள். அவர் மார்பில் இரண்டு கைகளாலும் அடித்தாள். பிறகு அந்தக் கைகளாலேயே பிடித்துக்கொண்டாள். மாமா அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

"என் சட்டைய இன்னாடி பண்ணி வெச்சிக்கீறீங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரு பெண் சிரித்துவிட்டாள்; சிரிப்பு உடனே நின்றது. ஆயா கத்தரிக்கோலோடு எழுந்து வந்தாள். அவளுடைய மனம் மற்ற எல்லோருக்கும் முன்னால் அந்த இடத்தை அடைந்துவிட்டது.

"உன் டிக்கெட்ட யாருகிட்ட குடுத்த?"

மாமாவின் கண் என்மேல் வந்து நின்றது. ஆயாவும் திரும்பினாள்.

"நீ பாத்தியா?"

"காலையில. தண்ணி வண்டிகிட்ட."

ஆயா கத்தரிக்கோலைத் தரையில் வைத்தாள், மிகக் கவனமாக, கூர் யாரையும் பார்க்காதபடி. பிறகு ஷாப்டை நோக்கி நடந்தாள். அத்தை தரையில் கிடந்த கழுத்துப்பட்டையை எடுத்து அடுப்பில் போட்டாள். உயிரோடு இருக்கிறவனுடைய வெட்டுத்துணி வீட்டில் கிடக்கக்கூடாது.

இரண்டு நாள் கழித்து உடல்களை மேலே கொண்டுவந்தார்கள். குழியை மாமா வெட்டினார். ஒருவரையும் கூடத் தொடவிடவில்லை. டைம் ஆபீஸ் ஏட்டில் மட்டும் இறந்தவர் மாமாவாகவே இருந்தார். மாமா சாகவில்லை என்று இரண்டு சாட்சிகள் சொல்லவேண்டும் என்று எழுத்தர் கேட்டாராம். ஒரு சாட்சி அத்தை. இன்னொருவராக ஆயா தானே போனாள்.

"இவன் உசிரோட கீறான். செத்தது எம்புள்ள," என்று ஜன்னலின் முன் நின்று சொன்னாள். எழுத்தர் மீண்டும் சொல்லச் சொன்னபோது, மீண்டும் அதே குரலில் சொன்னாள்.

சித்தப்பாவின் சட்டை எங்கள் வீட்டுத் தட்டியில் ஆணியில் தொங்கியது. அதன் பையில் அவருடைய சொந்த டிக்கெட் இருந்தது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை. ஆயா சனிக்கிழமைதோறும் சட்டையைத் துவைத்து, உலர்த்தி, டிக்கெட்டைப் பழையபடி பையில் போட்டு, அதே ஆணியில் மாட்டினாள். கத்தரிக்கோலை அத்தை வீட்டிலிருந்து திரும்ப வாங்கவே இல்லை. தைத்துக்கொண்டிருந்த ஒரு போர்வை பாதியில் நின்றது. அத்தையும் எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். நடுவில் இருந்த தட்டி வழியாக எந்தச் சத்தமும் வரவில்லை. அவர்கள் சண்டை போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கழுத்துப்பட்டையில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தார். அவரிடம் வேறு நல்ல சட்டை இல்லை. கழுத்தைச் சுற்றி நூல் பிரிந்து தொங்கும். எங்களுக்கு முன் வரிசையில் உட்காருவார். ஆயாவின் விதிப்படி அது துணி. துணியைப் போர்த்திய ஒருவர் அங்கே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

மாசி மாதத்தில், அடுத்த லைனில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் சாவு. அந்தப் பெண்ணின் தாய் ஆயாவைத் தேடி வந்தாள். அதுவரை யாரும் தேடி வந்து அழைத்ததில்லை; ஆயாவே முன்னால் போயிருப்பாள்.

"பெரிம்மா, நீங்க இன்னும் வரலையேன்னு பொண்ணு கேக்குது. சட்டைய மடியிலேயே வெச்சினு உக்காந்துகினுகீது."

"நான் வரலம்மா. என் வூட்டுச் சட்டையே இன்னும் சட்டையாத் தொங்குது. நான் எந்த மொகத்தோட போயி இன்னொருத்திகிட்ட வெட்டிக்கவான்னு கேப்பேன்?"

அந்தத் தாய் திரும்பிப் போனாள். ஆயா ஆணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் துக்கத்தை நான் முன்பே கண்டிருந்தேன். அவள் வெட்கத்தை அன்றுதான் கண்டேன். இத்தனை பெண்களைத் தலையசைக்கச் சொன்னவளால் தன் முறை வந்தபோது தலையசைக்க முடியவில்லை. அசைக்காதவரை வேறு எந்த வீட்டுக்கும் அவள் போக முடியாது.

மறுநாள் மாலை மாமா வந்தார். கையில் வெள்ளைச் சட்டை மடித்திருந்தது. அதன்மேல் எங்கள் கத்தரிக்கோல். வாசலுக்கு வெளியே அத்தை நின்றாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

"பெரிம்மா, இதுக்கு ஒரு பட்டை வெச்சுத் தெச்சிக் குடுங்க. யாராண்ட குடுத்தாலும் தொட மாட்டேங்கறாங்க."

"பழைய பட்டை எங்க?"

"இவ அடுப்புல போட்டுட்டா."

ஆயா சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தாள். கழுத்தோரத்தை விரலால் அளந்தாள். பிறகு எழுந்து ஆணியிலிருந்து சித்தப்பாவின் சட்டையை எடுத்தாள். பையிலிருந்த டிக்கெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, வாய்க்குள் ஏதோ சொன்னாள். மூன்று முறை உதடு அசைந்தது. மூன்று முறையும் அவளே தலையசைத்துக்கொண்டாள்.

"வேணாம் பெரிம்மா," என்றார் மாமா. "அத்த வெட்டாதீங்க."

"கம்முனு இரு. ரெண்டு பேருக்கும் ஒரே கழுத்து அளவு."

வெட்டினாள். நான் மெழுகில் நூலை இழுத்துக் கொடுத்தேன். வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பட்டையை மாமாவின் சட்டையில் வைத்துத் தைத்து முடித்தாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சட்டையை உதறி மாமாவிடம் நீட்டினாள். மாமா அதைப் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தையைப்போல இரு கைகளிலும் வாங்கிக்கொண்டு வெளியே போனார். அத்தை அப்போதுதான் உள்ளே வந்து, ஆயாவின் காலருகே உட்கார்ந்து, கீழே சிந்தியிருந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

அடுத்த நாள் காலை ஆயா கத்தரிக்கோலோடு தெலுங்குக்காரர் வீட்டுக்குப் போனாள்.

அதன்பின் அவள் நிற்கவில்லை. தன் கண்ணில் பூ விழும்வரை தைத்தாள். எத்தனை போர்வைகள் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும், எங்களுக்கு முன் வரிசையில் சித்தப்பாவின் கழுத்துப்பட்டை உட்கார்ந்திருந்தது. தாத்தாவின் சட்டையைத் துரத்திக்கொண்டு ஓடிய பெண், தன் மகனுடைய துணியைத் தானே தைத்து இன்னொருவன் கழுத்தில் ஏற்றியிருந்தாள். ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணை மூடுவார்கள். ஆயா மூடமாட்டாள். நானும் மூடாததால்தான் இதை அறிவேன். அவள் பார்வை அந்தப் பிடரியிலேயே இருக்கும். மாமா ஒருநாளும் திரும்பியதில்லை. திரும்பக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சித்தப்பாவின் சட்டையும் இரண்டு வேட்டிகளும் சேர்ந்த போர்வை எனக்கு வந்தது. கல்லூரியில் சேரச் சென்னப்பட்டணம் வந்தபோது அதைக் கொண்டுவந்தேன். இங்கே குளிரே இல்லை. ஆனாலும் விரித்துப் படுக்கிறேன். மற்ற போர்வைகளுக்கு இருப்பதைப்போல அதன் மூலையில் கழுத்துப்பட்டை கிடையாது. இருட்டில் தடவினால் எது தலைமாடு என்று தெரிவதில்லை.

கடந்த குளிர்காலத்தில் விடுமுறைக்குப் போனபோது ஆயாவுக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது. அத்தைதான் அவளுக்குச் சோறு கொண்டுவந்து ஊட்டினாள். ஒரு பிற்பகல், வெளிச்சம் அவள் முகத்தில் படும்படி உட்கார்ந்திருந்தவள், அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு சிறு துணிமுடிச்சை எடுத்துவரச் சொன்னாள். அதற்குள் சித்தப்பாவின் டிக்கெட் இருந்தது. தேய்ந்து தேய்ந்து பளபளத்தது.

"படி."

படித்தேன்.

"சரியாப் படிச்சியா?"

"சரியாத்தான் படிச்சேன், ஆயா."

அவள் கையை நீட்டி வில்லையை வாங்கி, எண்ணைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு, "அன்னைக்கும் சரியாத்தான் படிச்ச," என்றாள்.

நான் காத்திருந்தேன். அடுத்து அவள் கேட்கப்போகும் கேள்விக்கு ஒன்பது வயதிலிருந்து என்னிடம் பதில் இருந்தது. அவள் கேட்கவில்லை. முடிச்சைக் கட்டி, இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னாள். நானும் சொல்லவில்லை. தை மாதத்தில் அவள் இறந்தாள். கடிதம் எனக்குக் கிடைத்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவளுடைய புடவைகளை அத்தை எடுத்து வைத்திருப்பதாகவும், வெட்டிக்கொள்ள நான் சம்மதமா என்று கேட்பதாகவும் தந்தை எழுதியிருந்தார்.

'தான்' என்னும் இடைச்சொல் உறுதி சொல்லும் தேற்றத்திலும் வரும், மற்றதை விலக்கும் பிரிநிலையிலும் வரும் என்று எங்களுக்கு இலக்கண வகுப்பில் கற்பித்தார்கள். சரியாகவே படித்தாய், உன்மேல் குறையில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். படித்தது மட்டும்தான் சரி என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தைப் பலமுறை பிரித்துப் பார்த்துவிட்டேன். இரண்டு பொருளும் நிற்கின்றன.

அத்தைக்கு எழுதவேண்டிய பதில் இன்னும் மேசைமேல் இருக்கிறது. இரண்டு முறை சம்மதம் என்று எழுதிவிட்டேன். மூன்றாம் முறை எழுதவேண்டும்.